‘கேட்’ பற்றிக் கேட்டவை

போன இதழில் எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் போலிருந்தது. கொடுத்துவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் சிவில் படித்தவள். ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக் கட்டடங்களில் மூன்று வருடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். 2016-இல் ஒரு முறை, 2018-இல் ஒரு முறை கேட் எழுதினேன். அப்புறம் நீர்வளத்தில் எம்.டெக். முடித்துவிட்டு, இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். ஆகவே உதாரணமெல்லாம் சிவிலாகத்தான் வரும். மற்றத் துறைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கே: நான் சைட் இன்ஜினியர். காலை எட்டு மணிக்குப் போனால் ரூமுக்குத் திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். வரும் பிப்ரவரியில் கேட் எழுத ஆசை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் அக்கா?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

ப: மணிக்கணக்கை விடுங்கள் தம்பி. ஸ்லாப் போடுகிற நாளில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். ரெடிமிக்ஸ் வண்டி சாயங்காலம் வந்து நின்றால் ராத்திரி பதினொரு மணிக்கும் வைப்ரேட்டர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பீர்கள். அன்றைக்குப் படிக்கவில்லையே என்று வருத்தப்பட்டு, அந்த வருத்தத்திலேயே அடுத்த நாளையும் கெடுத்துக்கொண்டேன் நான். முதல் முறை எழுதிய கதை இது. ‘தினம் நாலு மணி நேரம்’ என்று படப்பை ரூம் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தேன். பத்தாவது நாள் அதைப் பார்க்கவே பிடிக்காமல், அதன் மேல் மளிகைக் கடைக் காலண்டரை மாட்டிவிட்டேன்.

இரண்டாவது முறை மணியை எண்ணவில்லை, கணக்கை எண்ணினேன். வாரத்துக்கு 60 கணக்கு. எழுந்து காபி குடித்துவிட்டு ஆறரைக்குள் ஆறோ ஏழோ. விட்டுப்போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தலையில். எண்ணிக்கையில் சேர ஒரே ஒரு நிபந்தனை: விடையைப் பார்க்காமல், வெள்ளைத் தாளில், கடைசி எண் வரைக்கும் நானே போட்டிருக்க வேண்டும். ‘ஓ, இந்த ஃபார்முலாவா, தெரியுமே’ என்று பக்கத்தைத் திருப்பியது சேராது. கம்பி வளைக்கும் அளவுகளுக்கான (பார் பெண்டிங்) அட்டவணை அச்சடித்து மிச்சமான தாள்களின் பின்பக்கம்தான் என் ரஃப் நோட்டு. முதல் வாரம் 60-க்கு 22 தான் முடிந்தது. அந்த 22 கூட முதல் முறை ஒரு மாதத்தில் போட்டதைவிட அதிகம் என்று அப்போதுதான் உறைத்தது.

சைட்டில் இருப்பது வெறும் இடைஞ்சல் என்று நினைக்காதீர்கள். பலம் பார்க்க எம்25 கான்கிரீட் கியூபை வார்த்த 28-ஆம் நாள் உடைக்க அனுப்புகிறீர்கள். 150 மி.மீ. கியூப், ஒரு சதுர மி.மீட்டருக்கு 25 நியூட்டன் என்றால் மெஷின் முள் எங்கே போய் நிற்க வேண்டும்? சுமார் 562 கிலோநியூட்டன். லேபில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டால் அலகுகள் வாழ்நாளுக்கும் மறக்காது. அதே மாதிரி, அடித்தளக் குழியில் தண்ணீர் ஊறுகிறது, பம்ப் வைத்து ஒரு வாரம் இறைக்கிறீர்கள், பக்கத்துப் பழைய காம்பவுண்டுச் சுவரில் விரிசல் விடுகிறது. ஏன்? நீர்மட்டம் இறங்கியதால் மண்ணுக்குள் இருந்த நீரழுத்தம் குறைந்தது, அது தாங்கிக்கொண்டிருந்த பாரம் மண்துகள்களின் மேல் இறங்கியது, மண் அமுங்கியது. கல்லூரியில் எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் என்று நாலு மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்தது இதைத்தான். எனக்குச் சுவர்க்காரர் வந்து சண்டை போட்ட அன்றைக்குத்தான் அது புரிந்தது.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். மொத்தம் 100-இல் பொதுத் திறனுக்கு 15 மதிப்பெண், பொறியியல் கணிதத்துக்கு 13. சேர்த்தால் 28. எல்லோரும் ‘கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளுகிற 28 அது. அதை முதலில் எடுங்கள். உடம்பு களைத்து வருகிற இரவில்கூட ஒரு மேட்ரிக்ஸ் கணக்குப் போட முடியும். புதிதாக ஒரு தியரி படிக்க முடியாது.

கே: கோச்சிங் சென்டரில் 75,000 ரூபாய் கேட்கிறார்கள். வட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டும். கட்டலாமா?
– வாசகி, விழுப்புரம்

ப: வட்டிக்கு வாங்கி வேண்டவே வேண்டாம்.

முதல் முறை நானும் ஒரு வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். நடத்தியவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. போர்டில் அவர் கணக்குப் போடும்போது அவ்வளவு சுலபமாக வழுக்கிக்கொண்டு போகும். நானும் தலையாட்டுவேன். எழுதிக்கொள்வேன். ஞாயிறு சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது நிறையப் படித்துவிட்ட திருப்தி இருக்கும். பிப்ரவரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, அத்தனை வாரமும் கணக்குப் போட்டது அவர், நான் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பத்து வருடம் பஸ்ஸில் போனாலும் வண்டி ஓட்ட வந்துவிடுமா?

பாடம் கேட்க வேண்டுமென்றால் இணையத்தில் என்பிடெல் இருக்கிறது. ஐஐடிக்களும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது. கேட்டில் கேள்வி எடுக்கிற அதே நிறுவனங்களின் பேராசிரியர்கள் நடத்திய வகுப்புகள், காசில்லாமல். எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தால் ஓய்வு பெறும்வரை பார்க்கலாம். ஆகவே சிக்குகிற தலைப்புக்கு மட்டும் போங்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வு நடத்தும் நிறுவனங்களின் இணையதளத்திலேயே விடைக்குறிப்போடு கிடைக்கின்றன. பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால் மாதிரித் தேர்வுகளுக்கு மட்டும் கொடுங்கள். அது சில ஆயிரத்தோடு போகும்.

இன்னொன்று, பத்து ரூபாய்ச் செலவு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ‘தப்பு நோட்டு’ என்று பெயர் போடுங்கள். தப்பாகப் போன ஒவ்வொரு கணக்கையும் ஒரே வரியில் எழுதுங்கள்: எங்கே தப்பினேன், ஏன். மூன்று மாதம் கழித்து என்னுடையதைப் புரட்டிப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாடம் தெரியாமல் போனது பாதிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் விட்டத்துக்குப் பதில் ஆரத்தைப் போட்டது, மில்லிமீட்டரை மீட்டராக்க மறந்தது, ‘தவறான கூற்று எது’ என்று கேட்டிருக்கச் சரியானதைத் தேடியது. இதற்கு எந்த கோச்சிங் சென்டரில் என்ன பாடம் நடத்துவார்கள்?

கே: ஃபார்முலாக்களை மனப்பாடம் செய்கிறேன், பத்து நாளில் மறந்துவிடுகிறது.
– வாசகர், திருவாரூர்

ப: எங்கள் அப்பாவுக்கு மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். ஏரி ததும்பும்போது மதகு திறந்தால் வயல் நிறைய எவ்வளவு நேரம், மட்டம் இறங்கிய பிறகு எவ்வளவு நேரம் என்று அவருக்கு விரல்நுனியில் இருக்கும். ‘தண்ணி பாதியாயிட்டா மடை பாதியாயிடாதும்மா, முக்காலுக்குக் கொஞ்சம் கம்மியா வரும்’ என்பார். துவாரம் வழியே வரும் நீரின் அளவு, அதன் மேல் நிற்கும் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் பாதியானால் வரத்து 71 சதவீதம். வரத்து பாதியாக வேண்டுமானால் உயரம் கால்பங்குக்கு இறங்க வேண்டும். அப்பா வர்க்கமூலம் படித்தவரில்லை. நான் இந்த ஃபார்முலாவை மூன்று செமஸ்டர் மனப்பாடம் செய்து மூன்று முறையும் மறந்தவள். மதகோடு சேர்த்து நினைத்த பிறகு மறக்கவே முடியவில்லை. திருவாரூர்க்காரருக்கு மதகு, ஷட்டர் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அளவைப் பாதியாக்கினால், இரட்டிப்பாக்கினால் விடை என்ன ஆகும் என்று ஒவ்வொரு ஃபார்முலாவையும் கேட்டுப் பாருங்கள். கேட்டில் ஒரு மதிப்பெண் கேள்விகள் பல இப்படித்தான் வருகின்றன.

கே: தெரியாத கேள்விக்கு ஏதாவது ஒன்றை டிக் செய்துவிட்டு வரலாமா, விட்டுவிடலாமா?
– வாசகர், கோவில்பட்டி

ப: இதற்கு அறிவுரை தேவையில்லை, கூட்டல் கழித்தல் போதும். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்வியில் தப்பினால் மூன்றில் ஒரு பங்கு போகும். இரண்டு மதிப்பெண் கேள்வி என்றால் ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மதிப்பெண் கேள்விகள் 12-க்குக் குத்தினால் சராசரியாக 3 சரி, 9 தப்பு. மூன்று வரும், மூன்று போகும். பூஜ்யம். வீண் வேலை.

ஆனால் ஒரு விடை நிச்சயமாக இல்லை என்று தள்ள முடிந்தால் கதை மாறும். அப்படிப்பட்ட 9 கேள்விகளில் 3 சரி, 6 தப்பு: மூன்று வந்து இரண்டு போகும், ஒன்று மிச்சம். இரண்டைத் தள்ள முடிந்தால் இன்னும் லாபம், தயங்காமல் போடுங்கள். விடை எண்ணை நீங்களே உள்ளிடும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கக்கூடிய கேள்விகளுக்கும் மதிப்பெண் கழிப்பது கிடையாது. இந்த இரண்டாவது வகை 2021-இல் வந்தது. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. அதில் எல்லாச் சரியான விடைகளையும் தேர்ந்தெடுத்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி என்று கருணை காட்ட மாட்டார்கள். இருந்தாலும் காலியாக விடாதீர்கள்.

கே: என் மகள் இ.சி.இ. முடித்திருக்கிறாள். வேலைக்குப் போகாமல் ஒரு வருடம் வீட்டிலிருந்தே கேட் படிக்கிறேன் என்கிறாள். உறவுக்காரர்கள் கேட்கிறார்கள், வயதும் ஏறுகிறது. விடலாமா?
– ஒரு தாய், மன்னார்குடி

ப: அம்மா, ‘வயது ஏறுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதுதான் படிப்பை முடித்த பெண்ணுக்கு இருபத்திரண்டு இருக்குமா? ஏறட்டும்.

நான் வேலையை விட்டுவிட்டுக் கடைசி மூன்று மாதம் ஊரில் உட்கார்ந்து படித்தேன். யார் கேட்டாலும் ‘பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறா’ என்றுதான் எங்கம்மா சொல்லுவார். பேங்க் என்றால் எல்லோருக்கும் புரியும், மேற்கொண்டு கேள்வி வராது. கேட் என்று சொன்னால் எந்த கேட், ரயில்வே கேட்டா என்று கேட்பார்களாம். நீங்களும் இதைக் கையாளலாம்.

உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள் இவை. ஒரு வருடம் என்று அவள் சொல்வது உண்மையில் ஒரு வருடமில்லை. ஜூனில் உட்கார்ந்தால் பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் முடிவு. ஒரு முறை வாங்கிய ஸ்கோர் மூன்று வருடத்துக்குச் செல்லும். கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. படிக்கிற பெண் உங்களிடம் கைச்செலவுக்குக் கேட்க மாட்டாள். பொதுத்துறை நிறுவனங்கள் சிலவும் இந்த ஸ்கோரைப் பார்த்து வேலைக்கு எடுக்கின்றன. பிப்ரவரியில் சரியாக அமையவில்லையென்றால் நம்மூரிலேயே எம்.இ. சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா தேர்வு இருக்கிறது. படித்தது அங்கேயும் உதவும்.

அவளிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிக் காட்ட வேண்டும். அந்த மதிப்பெண்ணைப் பார்த்து இரண்டு பேரும் பேசுங்கள். பதிலுக்கு நீங்கள் ஒன்று தர வேண்டும். ‘வீட்டில் சும்மாதானே இருக்கே’ என்று கேஸ் புக் பண்ணவும் ரேஷனுக்கும் அவளையே அனுப்பாதீர்கள். என் மூன்று மாதத்தில் உருப்படியாகப் படித்தது ஒன்றரை மாதம்தான். மிச்சம் விருந்தாளிகளுக்குக் காபி போட்டதில் போனது.

கே: பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. கேட்டில் ஆங்கிலப் பகுதி இருக்கிறதாமே, பயமாக இருக்கிறது.
– வாசகி, அரியலூர்

ப: நானும் தமிழ்வழிதான். பொதுத் திறனில் மொத்தம் பத்துக் கேள்விகள். ஆங்கிலம் அதில் ஒரு பகுதி மட்டும். மற்றவை சதவீதம், வேகம், வரைபடம் பார்த்துச் சொல்வது, தாளை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது மாதிரி. ஆங்கிலக் கேள்விகளைவிட எனக்குத் தொல்லை கொடுத்தது பாடக் கேள்விகளில் ஒளிந்திருக்கும் ஆங்கிலம். ‘குறைந்தபட்சம்’, ‘மிகாமல்’, ‘தவிர’ என்று பொருள் தரும் சின்னச் சொற்கள். வேகமாகப் படித்தால் கண் தாண்டிப் போய்விடும். கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்துவிட்டு, என்ன கேட்கிறார்கள் என்பதைத் தமிழிலேயே மனசுக்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டு, அப்புறம் கணக்குக்குள் போவேன். பத்து வினாடி ஆகும். சரி, ஆகட்டுமே.

கே: மதிப்பெண், ஸ்கோர், ரேங்க் மூன்றும் ஒன்றா?
– வாசகர், ஓசூர்

ப: இல்லை. மதிப்பெண் 100-க்கு, ஸ்கோர் 1000-க்கு. ரேங்க் என்பது அந்தத் தாள் எழுதியவர்களில் நீங்கள் எத்தனையாவது என்பது. அந்த வருடம் பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண்ணுக்கு 350 ஸ்கோர். உச்சியில் உள்ளவர்களின் சராசரி மதிப்பெண்ணுக்கு 900. நடுவில் இருப்பவர்களுக்கு நேர்விகிதம். உதாரணத்துக்குத் தகுதி 28, உச்சிச் சராசரி 83 என்று வைத்துக்கொண்டால், 50 எடுத்தவருக்கு 570 ஸ்கோர். அதாவது ஒவ்வொரு மதிப்பெண்ணும் பத்து ஸ்கோர். ஐஐடிக்களுக்குத் தனித்தனியாக விண்ணப்பித்து, கிடைக்கும் அழைப்பை அவற்றுக்கான பொதுத் தளமான சிஓஏபியில் ஏற்க வேண்டும். என்ஐடிக்களுக்கு சிசிஎம்டி கலந்தாய்வு. முடிவு வந்ததும் தூங்கிவிடாதீர்கள், விண்ணப்பத் தேதிகள் நமக்காகக் காத்திருக்காது.

கே: நான் அரசு கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். எங்களுக்கு இந்த மாதிரி ஏதும் இல்லையா?
– வாசகர், தருமபுரி

ப: இருக்கிறது, அதன் பெயர் ஜாம். சிரிக்காதீர்கள். ஐஐடிக்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், நிலவியல் (ஜியாலஜி), பொருளியல் என ஏழு தாள்கள். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். இயற்பியலில் கணித முறைகளும் இயக்கவியலும்தான் (மெக்கானிக்ஸ்) அடித்தளம். பல்கலைக்கழகத் தேர்வு போலப் பத்து மார்க் டெரிவேஷன் எழுதும் வேலை கிடையாது. எங்கள் பக்கத்துக் கலைக்கல்லூரிகளில் இப்படியொரு தேர்வு இருப்பதையே இறுதியாண்டு முடிந்த பிறகுதான் பலர் கேள்விப்படுகிறார்கள். நீங்கள் எந்த ஆண்டு என்று எழுதவில்லை. இரண்டாமாண்டு என்றால் இன்றைக்கே ஒரு பழைய தாளை இறக்கிப் பாருங்கள்.

கே: நாலு அரியர் இருக்கிறது. கேட் எழுதலாமா?
– வாசகர், சேலம்

ப: எழுதலாம், மூன்றாமாண்டு மாணவர்களே எழுதலாம். ஆனால் டிகிரி இல்லாமல் எம்.டெக். யார் தருவார்கள்? அரியரை முடியுங்கள். அந்த நாலில் ஒன்றாவது கேட் பாடத்திட்டத்தில் இருக்கும், ஒரே கல்.

கே: நீங்கள் எத்தனை மதிப்பெண் எடுத்தீர்கள் மேடம்? ஹாலில் என்ன தப்பு செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.
– வாசகி, தென்காசி

ப: மாட்டிவிட்டுவிட்டீர்கள். முதல் முறை 21.33. அந்தப் புள்ளிக்கு அப்புறம் இருக்கும் 33, தப்பாகக் குத்திய விடைகளின் நினைவுச்சின்னம்.

ஹாலுக்குள் நம் கால்குலேட்டர் கூடாது. திரையில் ஒன்று வரும், மவுஸால் ஒவ்வொரு பொத்தானாக அமுக்க வேண்டும். எனக்கு இது முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் ஆறு மாதம் கல்லூரிக் காலத்துக் கைக் கால்குலேட்டரிலேயே பழகினேன். விரல் பாட்டுக்கு ஓடும் பழக்கம் அது. அங்கே போனால் 30-ஐப் போட்டுவிட்டு சைன் அமுக்க வேண்டும், நான் சைனை முதலில் அமுக்கிக்கொண்டிருக்கிறேன். விடை எண்ணை உள்ளிடக்கூடக் கீபோர்டு கிடையாது, அதுவும் மவுஸ்தான். நடுவில் ஒரு கணக்குக்குக் கோண அளவை ரேடியனுக்கு மாற்றியவள் டிகிரிக்குத் திருப்ப மறந்துவிட்டேன். அதற்குப் பின்னால் வந்த இரண்டு சர்வே கணக்கு, ஒரு மண் சரிவுக் கணக்கு, மூன்றும் போச்சு. மூன்றாவதில் நிலைத்தன்மை எண் மைனஸில் வந்தது. மைனஸில் வரவே வராது என்று தெரிந்தும், பதற்றத்தில் மைனஸை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் உள்ளிட்டேன்.

2018-இல் முதல் நாள் பயிற்சியிலிருந்தே திரைக் கால்குலேட்டர்தான். லேப்டாப்பில் இருந்த டச்பேடை விட்டுவிட்டு, ரிச்சி தெருவில் ஒரு சாதாரண வயர் மவுஸ் வாங்கிப் பழகினேன். தேர்வு மையங்களில் மவுஸ் அப்படித்தான் இருக்கும், பாதி நேரம் ஒட்டிக்கொள்ளும். அந்த முறை 57.67. தப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஹாலுக்கு வெளியே உட்கார்ந்து, டிகிரியா ரேடியனா என்று எழுதி மூன்று கோடு போட்டது இன்னும் இருக்கிறது. மவுஸும் இருக்கிறது, என் மாணவி ஒருத்தி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.